பெருவிலங்கு வேட்டைக்கான தோட்டாத் தேர்வு

தோட்டா என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு பொருள்களைக் குறித்துவிடுகிறோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி எழுப்பும் மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலை விட்டுப் பறந்து விலங்கைத் தைப்பது குண்டு மட்டும். யானை, காட்டெருமை, மூஸ் என்னும் பெரிய மான் போன்ற பெருவிலங்குகளுக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்று நூறாண்டுக்கும் மேலாக நடக்கும் வாதத்தில் பாதி, இந்த வேறுபாட்டை மறப்பதால் வருவது. விற்பனைப் பட்டியல்கள் தோட்டாவின் ஆற்றலைப் பெரிய எழுத்தில் போடுகின்றன. உடலுக்குள் நடப்பதைத் தீர்மானிப்பவையோ குண்டின் எடை, உறுதி, தைக்கும் இடம் ஆகியவை. ஆகவே விலங்குக்கு ஏற்ற குண்டை முதலில் முடிவு செய்து, அதைத் தேவையான வேகத்தில் செலுத்தும் தோட்டாவைப் பிறகு தேடுவதே முறை.

இதற்கு வலுவான சான்று டபிள்யூ. டி. எம். பெல் (1880–1954). ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்ட அவர், பெரும்பகுதியை .275 ரிக்பி எனப்படும் 7×57 மவுசரால் வீழ்த்தினார். அதன் குண்டு 11.2 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர், ஆற்றல் சுமார் 2,700 ஜூல். 1912-இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னமோ 19.4 கிராம் குண்டை நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் செலுத்தி 5,800 ஜூல் தருகிறது. ஆற்றலில் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் குறுக்குப் பரப்பின் ஒவ்வோர் அலகுக்கும் குண்டில் எவ்வளவு எடை இருக்கிறது என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். நுனிவரை தடித்த உலோக உறை போர்த்திய, சிதையாத குண்டாக இருந்தால் இரண்டுமே ஆழமாக ஊடுருவும். யானையின் மூளை, தேன்கூடு போன்ற எலும்பறைகளுக்குப் பின்னால் வெகு உள்ளே இருக்கிறது. பெல் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து அந்த இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டவர். அவருடைய வெற்றியில் அந்த அறிவுக்கும் நீண்ட, உறுதியான குண்டுக்கும் உரிய பங்கை ஆற்றல் கணக்கு காட்டுவதில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் .275 போதாதா என்று கேட்கலாம். போதாது. பெல் அசாதாரணத் துல்லியத்தோடு சுட்டவர். குறி சரியாக அமையும்வரை காத்திருக்கத் தெரிந்தவர். மூளையை ஒரு விரற்கடை தவறவிட்டால் சிறு குண்டு யானையை நிலைகுலையச் செய்வதில்லை. வேட்டைக்காரர் ஜான் டெய்லர் 1948-இல் வெளியிட்ட நூலில் குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி ஓர் எண் வகுத்தார். அதன்படி இன்னும் பெரிய தோட்டாவான .470 நைட்ரோ எக்ஸ்பிரஸுக்கு ஏறத்தாழ 73, .375-க்கு 41, .275-க்கு 16. இந்த எண்ணை எல்லா விலங்குக்கும் பொதுவான கொல்திறன் என்று படிப்பது பெரும் பிழை. தலையில் பட்டும் மூளையைத் தவறவிட்ட குண்டு யானையை எந்த அளவுக்கு மயங்கச் செய்யும் என்பதைக் காட்டவே டெய்லர் அதை வகுத்தார். தவறும் மனிதனுக்குக் கிடைக்கும் கூடுதல் அவகாசம் அது. திருப்பித் தாக்கும் விலங்குகளுக்கு .375-ஐக் கீழ் எல்லையாகப் பல ஆப்பிரிக்க நாடுகள் வைத்திருப்பதை நான் முழுமையாக ஏற்பதும் இதனால்தான்.

பெரிய தோட்டா விலங்கைத் தள்ளி வீழ்த்திவிடும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் இயற்பியலில் இடமில்லை. குண்டு முன்னே கொண்டுபோகும் உந்தம், துப்பாக்கி பின்னே தோளில் தரும் உந்தத்தைவிட அதிகமில்லை. சுட்ட மனிதனே நிற்கும்போது ஐந்து டன் யானை அந்தத் தள்ளலில் சாயாது. இன்னொரு பக்கம், அந்த உதைக்கு அஞ்சியவர் வெடிக்கும் முன்பே கண்ணை மூடி, தோளை இறுக்கி, விசையை வெடுக்கென இழுத்துவிடுகிறார். குண்டு நுரையீரலை விட்டு வயிற்றில் பாய்கிறது. அந்த விலங்கு மணிக்கணக்காக வேதனையில் அலையும். அந்த வேதனையைத் தோட்டாவின் ஆற்றல் எண் ஈடுகட்டாது.

திருப்பித் தாக்குவது அரிதான விலங்குகளில் கணக்கு மாறுகிறது. ஸ்வீடனில் மூஸ் வேட்டைக்கான விதி, 100 மீட்டரில் 9 கிராம் குண்டுக்கு 2,700 ஜூல் கேட்கிறது. 10 கிராம் குண்டென்றால் 2,000 ஜூலே போதும் என்கிறது. எடை கூடினால் ஆற்றல் குறையலாம் என்று சட்டமே ஏற்பதால், 1890-களில் படைக்காக உருவான 6.5×55 தோட்டா இன்றும் அங்கே மூஸ் வேட்டைக்குப் பயன்படுகிறது. அங்கே வேண்டியது நுனியில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு அல்லது அதுபோல் விரியும் குண்டு. சதையில் புகுந்ததும் அது காளான்போல் விரிந்து நுரையீரலில் அகலமான வழியைத் திறக்கும். அதே மென்முனைக் குண்டை யானையின் மண்டைமேல் சுட்டால் எலும்பிலேயே நசுங்கி நின்றுவிடக்கூடும். மாறாக, உறை போர்த்திய குண்டு மூஸின் மார்பில் சிறு துளையிட்டு மறுபுறம் போய்விடும்.

ஆகவே யானைக்கும் ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கும் .375-க்குக் கீழே இறங்கக் கூடாது; யானைக்குச் சிதையாத குண்டே வேண்டும். மூஸுக்கு 10 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள விரியும் குண்டு போதும். .375-இன் உதையைத் தாங்கிக் குறி தவறாமல் சுட வராதவர், பழகித் தேறும்வரை யானைமேல் துப்பாக்கி நீட்டக் கூடாது.