வெடிகுண்டு வழக்கும் வேலூர் ஜெயிலும்

1941-ல் விருதுநகர் நகராட்சிக்கு ஒரு சேர்மனைத் தேர்ந்தெடுத்தார்கள். மாலை போடக்கூட ஆள் ஊரில் இல்லை. அவர் அப்போது வேலூர் ஜெயிலில் இருந்தார். 61 வருஷம் கழித்து, 2002-ல், சிவகாசி தொகுதி எம்.பி. ஒருவரும் அதே வேலூர் ஜெயிலுக்குள் போனார். முதலாமவர் காமராஜர், இரண்டாமவர் வைகோ. பிடித்த அரசாங்கம் வேறு, போட்ட சட்டம் வேறு, கட்சி வேறு. ஆனால் தேர்ந்தெடுத்த மக்கள் கிட்டத்தட்ட ஒரே வட்டாரத்துக்காரர்கள், அடைத்த ஜெயிலும் ஒன்றே.

விருதுநகர் மாவட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், எண்ணெய் வியாபாரம் என்றுதான் போகும். இந்த மண்ணின் ஜெயில் வரலாற்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது பேச்சு, எழுத்து, போராட்டம் இவற்றுக்காக ஜெயிலுக்குப் போனவர்களின் வரலாறு மட்டுமல்ல, அனுப்பியவர்களின் வரலாறும்கூட. இரண்டு பக்கமும் இந்த ஊர்க்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்திய தண்டனைச் சட்டத்தில் 124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு 1870-ல் சேர்க்கப்பட்டது. அரசாங்கத்தின் மேல் வெறுப்பை உண்டாக்குகிற பேச்சும் எழுத்தும் குற்றம் என்றது அது. 1908-ல் திருநெல்வேலி கோர்ட்டில் வ.உ.சி.க்குக் கிடைத்தது 40 வருஷத் தண்டனை. (சிவகாசியும் சாத்தூரும் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தன. ராமநாதபுரம் ஜில்லா 1910-ல்தான் உருவானது.) அதே வருஷம் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்தது. எழுதியது பாரதி, ஆனால் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு 5 வருஷம் ஜெயில். பாரதி புதுச்சேரி போய்விட்டார். அடுத்தவர் எழுத்துக்காக உள்ளே இருந்த அந்த சீனிவாசனை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

காமராஜர் கதைக்கு வருவோம். 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் கைதாகி, வங்காளத்தில் இருந்த அலிப்பூர் ஜெயிலுக்கு அனுப்பப்பட்டார். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்ததால் விடுதலை. 1932-ல் காங்கிரஸே தடை செய்யப்பட்டது, மறுபடியும் ஜெயில். அந்த முறை வேலூரில், பகத்சிங்கின் லாகூர் வழக்கில் தண்டனை பெற்ற சிலரோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜெயிலில் யாரோடு பேசினாய் என்பதையும் போலீஸ் கணக்கு வைத்துக்கொள்ளும் காலம் அது.

1933-ல் வந்தது விருதுநகர் வெடிகுண்டு வழக்கு. ஊர் தபால் ஆபீஸிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் குண்டு வைக்கப்பட்டது என்று வழக்கு. உள்ளூர் இளைஞர்கள் பலரைச் சேர்த்தார்கள். கூடவே காமராஜரையும் சேர்த்தார்கள். உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போனவன் என்று வழக்குப் போட்டால் அது பெருமை, ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்தால் மாலை. குண்டு வைத்தவன் என்று வழக்குப் போட்டால் கதை வேறு. தண்டனை நீளும், காந்தி கட்சிக்காரர்களே தள்ளி நிற்பார்கள், கடைக்காரர்கள் நன்கொடை கொடுக்க யோசிப்பார்கள். ஒரு ஊரின் காங்கிரஸை உடைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

அதிலும் இந்த வட்டாரத்தில் வெடி வழக்குப் போடுவது எளிது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுக்கொண்டு வந்த தொழில் அது. கந்தகமும் பொட்டாசியம் குளோரேட்டும் இங்கே பிழைப்புக்கான சரக்கு. சென்னையில் ஒருவன் வீட்டில் கந்தகம் இருந்தால் சந்தேகம் வரும். இங்கே அதை வைத்து யாரையும் சந்தேகப்படலாம், அல்லது யாரையுமே சந்தேகப்பட முடியாது! எது என்பது ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவரின் விருப்பம்.

இந்த வழக்கில் உண்மையிலேயே சுவாரசியமான விஷயம் காமராஜருக்காக வாதாட வந்த இரண்டு பேர்தான். ஒருவர் டாக்டர் பி.வரதராஜுலு நாயுடு, இன்னொருவர் ஜார்ஜ் ஜோசப்.

வரதராஜுலு நாயுடு சேலம் ஜில்லாக்காரர், வைத்தியர், பத்திரிகையாளர். 'பிரபஞ்சமித்திரன்', 'தமிழ்நாடு' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். 1918-ல் மதுரையில் பேசிய பேச்சுக்காக அவர் மேலேயே ராஜத்துரோக வழக்கு வந்தது. அப்போது அவருக்காக வாதாடியவர் ராஜாஜி. அதன் பிறகும் அவர் ஜெயிலுக்குப் போயிருக்கிறார். விருதுநகர் வழக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1932 செப்டம்பரில், சென்னையில் அவர் ஆரம்பித்ததுதான் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்'. (பணக் கஷ்டத்தால் சீக்கிரமே கைமாறிவிட்டது என்பது தனிக் கதை.)

ஜார்ஜ் ஜோசப் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் பார்த்தவர். குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பாடுபட்டதால் பிறமலைக் கள்ளர் மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். மோதிலால் நேரு அலகாபாத்தில் நடத்திய 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து, 1921-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு ஜெயிலுக்குப் போனார். வெளியே வந்ததும் காந்தியின் 'யங் இந்தியா'வுக்கு ஆசிரியரானார், ஏனென்றால் காந்தி அதே 124ஏ பிரிவில் உள்ளே இருந்தார்.

ஆக, எழுதியதற்கும் பேசியதற்கும் ராஜத்துரோக வழக்கைச் சந்தித்த இரண்டு பத்திரிகை ஆசிரியர்கள், விருதுநகர்க்காரர் ஒருவருக்காக நின்றார்கள். போலீஸ் எப்படி ஒரு வழக்கைக் கட்டும் என்பதைக் குற்றவாளிக் கூண்டுக்குள் நின்று பார்த்தவர்கள் அவர்கள். காமராஜர் மேல் சாட்டிய குற்றம் நிற்கவில்லை, அவர் விடுதலையானார். அன்றைக்கு அது நின்றிருந்தால் பிறகு வந்த முதலமைச்சர், மதிய உணவு, பள்ளிக்கூடங்கள் எதுவும் இருந்திருக்காது. இப்படி 'இருந்திருந்தால்' என்று எழுதுவது சரித்திரம் ஆகாதுதான். ஆனாலும் ஒரு ஜோடிப்பு வழக்கு எவ்வளவு பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்பது புரிய வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'அரசியல் கைதி' என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம், பிரிட்டிஷ் சர்க்கார் அந்தச் சொல்லை ஒத்துக்கொள்ளவே இல்லை. லாகூர் ஜெயிலில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பரில் ஜதீன் தாஸ் செத்துப்போனார். அதற்குப் பிறகு சர்க்கார் ஏ, பி, சி என்று வகுப்பு பிரித்தது. எதை வைத்து? நாட்டுக்காக உள்ளே வந்தாரா என்று பார்த்து அல்ல. படிப்பு என்ன, அந்தஸ்து என்ன, வெளியே எப்படி வாழ்ந்தார் என்று பார்த்து! ஒரே மறியலில் பிடிபட்ட வக்கீலும் தறி நெய்கிறவரும் ஜெயில் வாசலில் பிரிந்தார்கள். ஒருவருக்குக் கட்டிலும் புத்தகமும், மற்றவருக்குக் களியும் கல் உடைப்பும்.

1940 கடைசியில் தனிநபர் சத்தியாகிரகம் வந்தது. சத்தியாகிரகிகள் பட்டியலுக்கு காந்தியிடம் ஒப்புதல் வாங்க வார்தா போகிற வழியிலேயே காமராஜரைப் பிடித்து வேலூரில் போட்டார்கள். உள்ளே இருக்கும்போதுதான் அந்த சேர்மன் தேர்தல். விடுதலையானதும் அவர் நேராக நகராட்சி ஆபீஸுக்குப் போய் ராஜினாமா கொடுத்தார், முழுதாக உழைக்க முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று. அடுத்த வருஷம் ஆகஸ்ட் புரட்சி, மறுபடியும் ஜெயில், 1945 வரை.

இதுவரை எல்லாரும் கைதட்டும் கதை. சுதந்திரம் வந்தபின் என்ன ஆயிற்று என்பதுதான் பாடப்புத்தகத்தில் கிடைக்காதது.

1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர், எளிமையான காந்தியவாதி, சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் ஆட்சியில்தான் சென்னைப் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டம், 1949 இருந்தது. கம்யூனிஸ்டுகள் கூட்டம் கூட்டமாக உள்ளே தள்ளப்பட்டார்கள். அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26. சரியாக 16 நாள் கழித்து, பிப்ரவரி 11 அன்று, சேலம் ஜெயிலுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். எங்களை அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்பதே அவர்கள் கேட்டது, ஜதீன் தாஸ் கேட்ட அதே விஷயம்.

மார்ச் 1 அன்று பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகைக்கு மாகாணத்துக்குள் நுழையத் தடை. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு. இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசும் யாரும் 'ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை மாநிலம்' என்பதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அந்த 'சென்னை மாநிலம்' ஒரு ராஜபாளையத்துக்காரரின் அரசு என்பதை யாரும் சொல்வதில்லை. தீர்ப்பைப் பார்த்து மத்திய அரசு சும்மா இருந்ததா? 1951 ஜூனில் முதல் திருத்தம் கொண்டுவந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதையும் சேர்த்துவிட்டது.

1957-ல் முதலமைச்சர் நாற்காலியில் காமராஜர். அந்த வருஷம் செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். தொடர்ந்த முதுகுளத்தூர் கலவரத்தில் தலித் மக்கள் உயிரையும் வீடுகளையும் இழந்தார்கள். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.யாக இருந்தவர் முத்துராமலிங்கத் தேவர். தடுப்புக்காவல் சட்டத்தில் அவரைக் கைது செய்தார்கள், பிறகு கொலை வழக்கில் சேர்த்தார்கள், 1959-ல் கோர்ட் விடுதலை செய்தது. அவரை அரசியல் கைதி என்பவர்களும் உண்டு, அப்படிச் சொல்வது செத்தவர்களை மறப்பதாகும் என்பவர்களும் உண்டு. கொலைகளுக்கு நியாயம் கேட்பது சரியே. ஆனால் விசாரணையே இல்லாமல் அடைக்கிற சட்டம் விசாரணைக்கு மாற்று ஆகாது. அந்தச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்தே தெரிந்துகொண்டவர் காமராஜர்.

இப்போது 2002. பொடா சட்டம் மார்ச் மாதம் பாராளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. வைகோவின் ம.தி.மு.க. அப்போது மத்தியக் கூட்டணியில் இருந்தது, சட்டத்தை ஆதரித்தது. ஜூன் 29-ல் திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். ஜூலை 11-ல் அதே பொடாவில் கைது! சுமார் 19 மாதம் வேலூர் ஜெயிலில் இருந்தார். 2003 டிசம்பரில் பொடா செல்லும் என்று சொன்ன சுப்ரீம் கோர்ட், பயங்கரவாதத்துக்குத் துணை போகும் எண்ணம் இல்லாத வெறும் ஆதரவுப் பேச்சு குற்றமாகாது என்றும் விளக்கியது. 2004 பிப்ரவரியில் அவர் ஜாமீனில் வெளியே வந்தார், அந்த வருஷமே பொடாவும் ஒழிந்தது. 124ஏ அவரை விடவில்லை. 2009-ல் தி.மு.க. ஆட்சியில் போட்ட வழக்கில் 2019 ஜூலையில் ஒரு வருஷத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் அவர் தி.மு.க. ஆதரவோடு ராஜ்யசபாவுக்குப் போனார். தமிழ்நாட்டு அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த 19 மாதம் சிவகாசித் தொகுதியின் எம்.பி. கம்பிக்குப் பின்னால் இருந்தார் என்பது சிரிக்கிற விஷயம் இல்லை.

பத்திரிகையாளர் பக்கத்திலும் இந்த மாவட்டத்துக்காரர் ஒருவர் உண்டு. 'நக்கீரன்' கோபால் அருப்புக்கோட்டையில் பிறந்தவர். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடப் போராடி அவர் வாங்கிய 1994 தீர்ப்பு, வெளியாகும் முன்பே எழுத்தைத் தடுக்க அரசுக்கு உரிமை கிடையாது என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் 'ராஜகோபால் வழக்கு' என்று படிக்கிறார்கள். அவரையும் 2003-ல் பொடா விடவில்லை.

2018 அக்டோபர் 9 அன்று சென்னை விமான நிலையத்தில் அவரை மறுபடி பிடித்தார்கள். அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தொடங்கிய ஒரு விவகாரத்தில் கவர்னரைத் தொடர்புபடுத்தி 'நக்கீரன்' எழுதியிருந்தது. போட்ட பிரிவு 124. ராஜத்துரோகம் அல்ல, ஏ இல்லாத 124: ஜனாதிபதியையோ கவர்னரையோ தாக்கியோ மிரட்டியோ அவர் கடமையைத் தடுப்பது. ஒரு கட்டுரை கவர்னரை எப்படித் தடுக்கும்? எழும்பூர் கோர்ட்டில் இதே கேள்விதான் எழுந்தது. அங்கே வந்திருந்த 'இந்து' என்.ராமிடம் மாஜிஸ்திரேட் கருத்துக் கேட்டார். இந்தப் பிரிவில் ஒரு பத்திரிகை ஆசிரியரை ரிமாண்ட் செய்தால் அது மோசமான முன்னுதாரணம் ஆகிவிடும் என்றார் ராம். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார். சொந்த ஜாமீனில் அன்றே கோபால் வெளியே வந்தார்.