நீர் பிறக்கும் நிலம்

ஒகேனக்கல் அருவிக்கு அண்மையில், காவிரியின் கருநாடகக் கரைப் பக்கத்தில் கோபிநத்தம் என்னும் சிற்றூர் இருக்கிறது. தமிழ் பேசும் குடிகள் மிகுந்த ஊர். பழைய மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 1997-ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. அவ்வூர் அருகே ஓடும் நீரில் பெங்களூரின் வரலாறும் கலந்திருக்கிறது என்றால் நேயர்கள் வியப்புறக் கூடும்.

நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதி ஆறு, பெங்களூருக்கு மேற்கே ஓடி, சங்கமம் என்னுமிடத்தில் காவிரியுடன் கலக்கிறது. பிறகு அந்நீர் மேகதாட்டின் பாறை இடுக்கில் நுழைந்து, கோபிநத்தம் பகுதியைக் கடந்து மேட்டூரை நோக்கிச் செல்கிறது. ஒகேனக்கலில் எடுக்கப்படும் காவிரி நீரே, 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிநீராகிறது. மேலே ஓர் ஊர் ஆற்றுக்குச் செய்வது, கீழே மற்றோர் ஊரின் குடத்தில் வந்து சேரும்.

திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1890-களில், அர்க்காவதியின் மீதுள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. அந்நீர் போதாமற் போகவே, அர்க்காவதியும் குமுதவதியும் கூடுமிடத்தில் திப்பகொண்டனஹள்ளி அணை எழுந்தது. 1933-இல் அது முடிவுற்றது. 1974-இல் காவிரி நீர் நகருக்கு வந்து சேரும் வரையில், இவ்விரு நீர்நிலைகளே நகரின் தாகத்தைத் தீர்த்து வந்தன.

அணை கட்டிவிட்டால் மட்டும் நீர் வந்துவிடுமா? மழைநீரைச் சேர்த்தனுப்பும் நிலமன்றோ முதலிற் காக்கப்பட வேண்டியது! அந்நிலம் ஏறத்தாழ 1,450 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நகர எல்லைக்கு வெளியே, பல தாலுக்காக்களிலும் கிராமப் பஞ்சாயத்துக்களிலும் விரிந்து கிடப்பது. அங்கே வீட்டுமனைகளும் தொழிற்சாலைகளும் பெருகின. 2003-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் கருநாடக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நீர்ப்பிடிப்பு நிலம் நான்கு மண்டலங்களாக வகுக்கப்பட்டது. அணையையும் ஆற்றையும் நெருங்க நெருங்கக் கட்டுப்பாடு கடுமையாயிற்று.

ஆயினும் அணை செழிக்கவில்லை. மாசு மிகுந்தமையால் 2012-இல் அதிலிருந்து குடிநீர் எடுப்பது நின்றது. ஆறு வற்றியதற்கு ஆழ்குழாய்க் கிணறுகளும் தைல மரத் தோப்புகளும் முக்கியக் காரணங்கள் என்று ஆராய்ந்தோர் கூறினர். ஆணையின் கண் பெரிதும் நிலத்தின் மேலிருந்த கட்டடங்களின் மீதே இருந்தது. நிலத்தடி நீரோ அதன் பிடிக்கு அகப்படாமல் உறிஞ்சப்பட்டது. 2017-இல் புதிதாகத் தைல மரம் நடுவதை அரசு தடுத்தது. 2019-இல், முன்னைய ஆணையின் காப்பு எல்லைகள் தளர்த்தப்பட்டன.

இதில் நியாயத்தைப் பற்றிய கேள்வியும் ஒன்றுண்டு. நீரைப் பருகியவர் நகரத்தார். நிலத்தை விருப்பம்போற் பயன்படுத்தலாகாது என்று கட்டுண்டவர் கிராமத்தார். இழப்பு ஒருபுறமும் பயன் மறுபுறமும் நின்றால், எந்தச் சட்டமும் நெடுநாள் நிலைப்பது அரிது. கிராமத்தாரின் இசைவைப் பெற்று, அவர்தம் இழப்பில் நகரமும் பங்கேற்றாலன்றி நீர்நிலத்தைக் காத்தல் இயலாது.

பெங்களூரில் வாழும் தமிழர் குழாயைத் திறக்கும்போது மேலேயுள்ள கிராமத்தையும், நீரைக் கழித்துவிடும்போது கீழேயுள்ள கோபிநத்தத்தையும் நினைப்பார்களாக. மொழியாலும் மாநிலத்தாலும் நாம் பிரிந்திருக்கலாம். ஆறு நம்மை அவ்வாறு பிரித்தறிவதில்லை.