முன்கையெலும்பு முறிவும் மருத்துவப் பதிவும்: தீவகத்தை முன்னிறுத்திய சில குறிப்புகள்

ஈழத்து மருத்துவ வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வைத்தியரையும் வைத்திய நூல்களையுமே நோக்கினர். நோயாளியைப் பற்றி எழுதப்பட்ட கட்டிற்சீட்டு ஆராய்ச்சிக்குரிய ஆவணமாக அரிதாகவே கொள்ளப்பட்டது. முன்கையெலும்பு முறிவு என்னும் சாதாரண காயத்தை எடுத்துக்கொண்டு, அவ்வாவணம் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாது விடுகிறது என்பதை இங்கு நோக்குவோம்.

முன்கையில் பெருவிரற் பக்கத்து எலும்பு ஆரை. சிறுவிரற் பக்கத்தது அரந்தி. எலும்புகளைத் தமிழிற் கற்பித்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் போதித்தார். அவரது முயற்சியால் 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆகியன வெளிவந்தன. 1873இல் அவர் நாடு திரும்பியபின் அம்முயற்சி நிலைக்கவில்லை. குடியேற்ற ஆட்சியின் உத்தியோகம் ஆங்கிலத்தை வேண்டி நின்றது. உத்தியோகத்தை நாடிய மத்தியதர வர்க்கமும் அதனையே வேண்டிற்று. ஆகவே தமிழிற் சொல்லப்படும் நோவு இன்றும் ஆங்கிலத்திலேயே பதிவாகிறது.

சுதேச மரபின் நிலை வேறு. ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ ஆகிய வைத்திய நூல்கள் அரசர் பெயரைத் தாங்குகின்றன. முறிவு நெரிவு பார்த்துப் பத்துப்போட்டுக் கட்டிய பரியாரிமாரின் அறிவோ கைவழியாகவே வந்தது. யாருக்கு எப்பொழுது கை முறிந்தது என்ற குறிப்பை அவர்கள் வைத்திருக்க வேண்டிய தேவை எழவில்லை.

உலக அளவிலான நோய்ப் பட்டியலும் உழைப்பவர் கையை நெடுங்காலம் கண்டுகொள்ளவில்லை. 1893இல் பேர்ட்டில்லன் முன்வைத்த பட்டியல் மரண காரணங்களைப் பற்றியது. முன்கை முறிந்தவர் பொதுவாக இறப்பதில்லை! 1948ஆம் ஆண்டின் ஆறாந் திருத்தத்திலேதான் உயிர்போக்காத நோய்களும் காயங்களும் முறையாக இடம்பெற்றன. காயத்தின் தன்மைக்கு ஒரு குறியீடு, அதன் புறக்காரணத்துக்கு இன்னொரு குறியீடு என்ற இரட்டைமுறையும் அப்பொழுது அமைந்தது. பத்தாந் திருத்தத்தில் முன்கை முறிவு எஸ் 52 ஆகும். ஆரையின் கீழ்முனை முறிவு எஸ் 52.5, அரந்தித் தண்டின் முறிவு எஸ் 52.2. மரத்திலிருந்து விழுதல் டபிள்யூ 14. மழுங்கிய பொருளால் தாக்கப்படுதல் வை 00.

நெடுந்தீவிற் பனையிலிருந்து விழும் சீவற்றொழிலாளியை எண்ணுவோம். படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, தரைவழியே ஊர்காவற்றுறைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ செல்ல வேண்டும். மாரிக் கடல் இடங்கொடுக்க வேண்டும். சீட்டில் எஸ் 52.5 மட்டும் எழுதப்பட்டால் எலும்பு பதிவாகிறது, தொழில் பதிவாகாது. செய்த செயலைக் குறிக்கவும் பத்தாந் திருத்தத்தில் ஓர் இலக்கம் உண்டு: வருமானத்துக்கான வேலைக்கு 2, பிறவகை வேலைக்கு 3. தண்ணீர் அள்ளுகையில் வழுக்கி விழும் பெண்ணின் ஊதியமற்ற உழைப்பு இம்மூன்றில் அடங்கும்.

எனினும் எமது கவனத்துக்குரியது அரந்தியே. விழுபவர் கையை ஊன்றுகிறார். அடிபடுபவர் தலையைக் காக்கக் கையை உயர்த்துகிறார். பொல்லடி அரந்தித் தண்டில் விழுகிறது. இதனை மருத்துவர் அறிவர். ஆனால் கணவன் அருகில் நிற்க, “வழுக்கி விழுந்தேன்” என்கிறாள் மனைவி. காணிக்காரரிடம் அடிவாங்கிய கூலியாளும் அதனையே சொல்கிறார். சீட்டில் டபிள்யூ 01 ஏறுகிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை எலும்பு முறிவைப் பாரதூரமான காயங்களுள் ஒன்றாக வைக்கிறது. எனவே வை 00 என்பதற்கும் டபிள்யூ 01 என்பதற்கும் இடையே கிடப்பது ஒரு குற்றவழக்கு. குறியிடும் எழுதுநரைக் குறைகூறுவதிற் பயனில்லை. அவர் சீட்டிலுள்ளதையே குறியிடுகிறார். சீட்டை எழுதுபவர் கேட்கும் கேள்வியையும், நோயாளி சொல்லத் துணியும் விடையையும் சமூக உறவுகளே வரையறுக்கின்றன.

அரச மேலைத்தேய வைத்தியசாலைகளின் விடுதிகளில் அனுமதிக்கப்பட்டோரே தேசிய நோயுறு புள்ளிவிபரத்தில் எண்ணப்படுகின்றனர். வெளிநோயாளர் பிரிவிற் கட்டுப்போட்டு வீடு திரும்பியவரும், பரியாரியாரிடம் சென்றவரும் அக்கணக்கில் இல்லை. தீவகத்தின் உழைப்பு வரலாற்றை எழுத முற்படுவோர் வைத்தியசாலைச் சீட்டுகளோடு நின்றுவிடாது, பரியாரிமாரின் நினைவையும், கோணலாகப் பொருந்திய கைகளையுடைய முதியோரின் வாய்மொழியையும் தேடிச் செல்லவேண்டும்.