மாணவர் குறைந்தும் வகுப்பு குறையாத பள்ளிகள்: வேல்ஸின் கிராமப்புற வெல்ஷ்வழிக் கல்வியும் நிதிப் பற்றாக்குறையும்

ஏழாம் ஆண்டு முதல் பதினொன்றாம் ஆண்டு வரை 300 மாணவர்கள் படிக்கும் ஓர் உயர்நிலைப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டுக்கு 60 பேர், பிரிவுக்கு 30 பேராக இரண்டு பிரிவுகள். சில ஆண்டுகளில் ஒவ்வொரு வகுப்பாண்டிலும் எட்டுப் பேர் குறைகிறார்கள். மிஞ்சும் 52 பேருக்கும் இரண்டு பிரிவுகள் வேண்டும். கணித ஆசிரியர் அவரேதான், ஆய்வுக்கூடம் அதுவேதான், குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவும் அதேதான். வரவுக் கணக்கு வேறு கதை. 2010ஆம் ஆண்டின் வேல்ஸ் பள்ளி நிதி விதிகளின்படி, உள்ளாட்சி மன்றம் தன் பள்ளிகளுக்குப் பகிரும் தொகையில் 70 விழுக்காடு மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைய வேண்டும். நம் பள்ளியும் அதே விகிதத்தில் நிதி பெறுவதாகக் கொண்டால், மாணவர் எண்ணிக்கை 13 விழுக்காடு குறையும்போது வரவு ஏறத்தாழ 9 விழுக்காடு சரிகிறது. செலவு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

குவினெத், கெரெடிகியோன், போவிஸ் போன்ற பகுதிகளின் சிறு உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றிப் பேசும்போது "பற்றாக்குறை மேலாண்மை" என்ற தொடர் தாராளமாகப் புழங்குகிறது. பற்றாக்குறைக்குக் காரணம் தலைமையாசிரியரும் ஆளுகைக் குழுவும் கணக்கைச் சரியாகப் பார்க்காததே என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. சில பள்ளிகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இப்பற்றாக்குறையின் பெரும்பகுதி ஒரு மொழிக் கொள்கைக்கு ஆகும் செலவு என்பதே இக்கட்டுரையின் வாதம். அச்செலவை அது எழும் இடத்தில் பதியாமல் பள்ளியின் கடனாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தீர்க்கத் தரப்படும் கருவியான மீட்புத் திட்டம், தன் வேலையைச் சரியாகச் செய்யும்போதே நோயை வளர்த்துவிடுகிறது.

முதலில் இருப்புத் தொகைகளைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2020 மார்ச் இறுதியில் வேல்ஸ் பள்ளிகள் அனைத்தின் கையிருப்பும் சேர்ந்து சுமார் 3.2 கோடி பவுண்டு. இரண்டே ஆண்டுகளில் அது 30 கோடியைத் தொட்டது. 2024 மார்ச்சில் 11.5 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. இதைச் சிக்கனத்தின் எழுச்சி என்றும் ஊதாரித்தனத்தின் திரும்புகை என்றும் படிப்பது வேடிக்கை. பெருந்தொற்றுக் கால மானியங்கள் நிதியாண்டின் கடைசி வாரங்களில் வந்து சேர்ந்ததும், பின்னர் ஊதியமும் மின்கட்டணமும் ஏறியதும் இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதியை விளக்கிவிடும். நல்ல காலத்தில் சேமித்துக் கெட்ட காலத்தைக் கடக்கலாம் என்றால் அதற்கும் வரம்பு உண்டு. உயர்நிலைப் பள்ளியின் உபரி ஒரு லட்சம் பவுண்டை எட்டினால், அதைச் செலவழிக்குமாறு உள்ளாட்சி மன்றம் பணிக்கலாம்; செய்யாவிட்டால் திரும்பப் பெறவும் செய்யலாம்.

பற்றாக்குறையில் விழும் பள்ளி, உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதலோடு, குறித்த சில ஆண்டுகளுக்குள் கணக்கைச் சமன் செய்யும் மீட்புத் திட்டத்தை எழுதித் தர வேண்டும். தவறினால் 1998ஆம் ஆண்டுப் பள்ளித் தரங்கள், கட்டமைப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி நிதி அதிகாரமே பறிபோகலாம். செலவில் முக்கால் பங்குக்கும் மேல் ஊதியம் என்பதால் குறைக்கக்கூடியது ஆசிரியர் பணியிடம் ஒன்றுதான். அதிலும் நாட்காட்டி கையைக் கடிக்கிறது. ஆசிரியர் ஒருவர் ஆகஸ்ட் 31இல் விலக வேண்டுமானால் அறிவிப்பு மே மாத இறுதிக்குள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்கிவிடுகிறது. ஆக, முதல் ஆண்டில் மிச்சமாவது அவருடைய ஊதியத்தில் பன்னிரண்டில் ஏழு பங்கு மட்டுமே. ஆட்குறைப்பு இழப்பீட்டை, 2002ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, பொதுவாக உள்ளாட்சி மன்றம் ஏற்கிறது. முன்கூட்டிய ஓய்வூதியச் செலவு பள்ளியின் தலையில் விழுகிறது. ஆட்குறைப்பால் பள்ளிக் கணக்கு மேம்படும்போது மாவட்டக் கணக்கில் புதிதாக ஒரு செலவு எழுகிறது. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் வழக்கம் குறைவு.

இதற்கிடையே பள்ளியின் கைக்கு எட்டாத செலவுகளும் ஏறுகின்றன. ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பள்ளி செலுத்தும் பங்கு 2019இல் 16.48 விழுக்காட்டிலிருந்து 23.68 ஆனது, 2024 ஏப்ரலில் 28.68 ஆனது. ஈடாக மானியம் வந்தாலும், அது நிதிப் பகிர்வுச் சூத்திரத்தின் வழியே மாணவர் கணக்கில் பிரியுமானால், ஆசிரியர் விகிதம் கூடுதலாக உள்ள சிறு பள்ளி அங்கும் தோற்கிறது.

இவ்வளவும் எந்தச் சிறு கிராமப் பள்ளிக்கும் பொருந்தும். வெல்ஷ்வழிப் பள்ளிக்கு வேறொரு சுமையும் உண்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் பணியிடத்தை நீக்கி, இரண்டு ஆண்டு கழித்து நிலைமை சீரானால் மறுபடி விளம்பரம் செய்யலாம். வெல்ஷில் இயற்பியல் நடத்தக்கூடியவரை இழந்த பள்ளிக்கு அந்த வாய்ப்பு நிச்சயமில்லை. அத்தகைய ஆசிரியர்கள் நாடு முழுக்கவே பற்றாக்குறை. உயிரியல் ஆசிரியர் வேதியியலையும் சேர்த்து நடத்துவார், பதினொரு பேர் தேர்ந்தெடுத்த வரலாறு அடுத்த ஆண்டு விருப்பப் பாடப் பட்டியலில் இராது, மேல் வகுப்பில் சில பாடங்கள் ஓசையின்றி ஆங்கிலத்துக்கு நகரும். பெற்றோர் பார்ப்பது பட்டியலைத்தான். பக்கத்து ஊரில் பெரிய பள்ளி இருக்கிறது, மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை என்றால் எந்த மொழிப்பற்றும் அங்கே தடுமாறும். எட்டுப் பேர் போனால் அடுத்த ஆண்டு வரவு மேலும் சரியும். திட்டம் சொன்னபடி சேமித்த பள்ளியே புதிய திட்டம் எழுத உட்காரும்.

2017இல் அறிவிக்கப்பட்ட "கம்ராயிக் 2050" திட்டம் நூற்றாண்டின் நடுவில் பத்து லட்சம் வெல்ஷ் பேசுநர்களை இலக்காக வைத்தது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 5,38,300 பேரையே கண்டது. வெல்ஷின் தாயகமாகக் கருதப்படும் மேற்கு மாவட்டங்களும் தப்பவில்லை: கார்மார்த்தன்ஷைரில் 2011இல் 43.9 விழுக்காடு, 2021இல் 39.9, குவினெத்திலேயே 65.4 என்பது 64.4 ஆனது. கார்டிஃப் போன்ற நகரங்களில் வெல்ஷ்வழிக் கல்வி வளர்வது மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே வெல்ஷ் பெரும்பாலும் பள்ளியில் கற்கும் மொழி. குவினெத்தின் சிறு ஊர்களான பாலாவிலும் டொல்கெத்லாயிலும் அது கடைத்தெருவின் மொழி. அந்தத் தெருவுக்கு ஆள் தருவது உள்ளூர் உயர்நிலைப் பள்ளி.

இதுவரை கண்ட தீர்வுகளில் மிகப் பரவலானது, தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளியையும் ஒரே நிர்வாகத்தில் இணைப்பது. லாந்தசிலில் 2016இல் தொடங்கிய இஸ்கோல் ப்ரோ தைவி, டொல்கெத்லாய் வட்டாரத்தில் 2017இல் தொடங்கிய இஸ்கோல் ப்ரோ இத்ரிஸ், பாலாவில் 2019இல் தொடங்கிய இஸ்கோல் கோத்ரெர் பெர்வின் ஆகியவை இவ்வகையின. தலைமை, அலுவலகம், கட்டடம் ஆகிய செலவுகளை இது நன்றாகவே குறைக்கிறது. பத்தாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் ஒன்பது பேர் இருப்பதை மட்டும் மாற்றாது. 2018இல் கெரெடிகியோனில் தொடங்கிய இ-ஸ்கோல், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நடந்த முயற்சியைப் பின்பற்றி, ஓர் ஆசிரியரின் பாடத்தைப் பல பள்ளிகளுக்கு நேரலையில் கொண்டுசெல்கிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் படிக்கும் ஆறாம் படிவத்தின் சிறு பாடங்களுக்கு இது பெரும் உதவி. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பது பேருக்குத் திரைவழி அறிவியல் நடத்தலாம் என்று நினைப்பவர்கள் அந்த வகுப்பறைக்குள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது.

ஆறாம் படிவத்தைப் பொறுத்தவரை என் கருத்து இங்குள்ள பலருக்கு உவப்பாக இராது. குவினெத்தின் மெய்ரியோனித் பகுதியில் 1993 முதலே பதினாறு வயதுக்கு மேற்பட்ட கல்வி பெரும்பாலும் மெய்ரியோன்-துவிவோர் கல்லூரியில்தான் நடக்கிறது. அதனால் அங்குள்ள உயர்நிலைப் பள்ளிகள் அழிந்துவிடவில்லை. நான்கு பேருக்காக ஆறாம் படிவப் பாடம் நடத்தும் பள்ளி அந்தச் செலவை ஏழாம் ஆண்டுப் பிள்ளையிடமிருந்து எடுக்கிறது. ஆறாம் படிவம் ஊரின் கௌரவம் என்பதற்காக அதைக் காப்பது சரியன்று.

போதிய கவனம் பெறாத ஒரு வழி இரட்டைப் பிரிவுகளில் இருக்கிறது. ஓராண்டின் 60 மாணவர்கள் வெல்ஷ்வழியில் 35, ஆங்கிலவழியில் 25 என்று பிரிந்தால், எந்தப் பாடத்திலும் அவர்களைக் கலந்து வகுப்பமைக்க முடியாது. 35 பேரை இரண்டாகப் பிரிக்க வேண்டிவந்தால் மூன்று வகுப்புகள். ஒரே மொழிக்கு மாறினால் இரண்டு போதும். மொழிக் கொள்கையும் சிக்கனமும் ஒரே திசையில் போகும் அரிய இடம் இது. போவிஸ் மன்றம் லான்வைர் கைரெயினியோனில் இஸ்கோல் ப்ரோ கைரெயினியோனை வெல்ஷ்வழியாக்க எடுத்த முடிவை இவ்வகையிலும் படிக்கலாம். இதற்கு முன்நிபந்தனை உண்டு. புதிதாகக் குடிவரும் பிள்ளைகளுக்குக் குவினெத் 1980களிலிருந்து நடத்திவரும் தீவிர மொழிப் பயிற்சி மையங்கள் போன்ற ஏற்பாடு வேண்டும். அது இல்லாமல் செய்தால் பிள்ளைகள் எல்லை தாண்டிப் போவார்கள்.

எதிர்வாதம் வலுவானது. சிறு பள்ளிக்குச் சூத்திரத்தில் கூட்டித் தரும் ஒவ்வொரு பவுண்டும் அதே மாவட்டத்தின் பெரிய பள்ளியிலிருந்து வருகிறது. அந்தப் பெரிய பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் அதிகமாக இருக்கக்கூடும். அவர்கள் மொழிக்காக ஏன் தியாகம் செய்ய வேண்டும்? இக்கேள்வியை மொழியின் பெயரால் மடக்குவது நேர்மையாகாது. மாவட்டத்தின் பானைக்குள்ளேயே இதைத் தீர்க்க முடியாது என்பதே நேரான பதில். பத்து லட்சம் பேர் என்ற இலக்கு மாவட்டத்தின் இலக்கன்று. 2025ஆம் ஆண்டின் வெல்ஷ் மொழி மற்றும் கல்விச் சட்டம் அதை நாட்டின் சட்டப்பூர்வ இலக்காக்கிவிட்டது. இலக்கு வைத்தவரே விலையும் கொடுக்க வேண்டும்.

எனவே பள்ளியின் பற்றாக்குறையை இரண்டு பத்திகளாக எழுதலாம். அடிப்படைப் பாடங்கள் அனைத்தையும் வெல்ஷில் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆசிரியர் எண்ணிக்கைக்கும், தலைக்கணக்கு தரும் நிதிக்கும் உள்ள இடைவெளி முதல் பத்தி. அதை வேல்ஸ் நாடாளுமன்றமான செனெத் வாக்களிக்கும் தனி மானியம் ஏற்க வேண்டும். மீட்புத் திட்டம் அதைத் தொடக்கூடாது. மிச்சமெல்லாம் இரண்டாம் பத்தி: தேவைக்கு மேற்பட்ட நிர்வாகப் பணிகள், நிரம்பாத ஆறாம் படிவம், பழுது பார்க்காமல் விட்ட கூரை. அதற்குப் பள்ளிதான் பொறுப்பு.

முதல் பத்தி எல்லையின்றி வளரவும் விட முடியாது. மூடினால் ஆகும் செலவோடு அதை ஒப்பிடலாம். மூன்று மைலுக்கு அப்பால் வாழும் உயர்நிலை மாணவருக்கு இலவசப் பேருந்து தர 2008ஆம் ஆண்டுப் பயண விதி கட்டாயப்படுத்துகிறது. அந்தச் செலவு பள்ளிக் கணக்கில் வராது, மாவட்டக் கணக்கில் வரும். ஆட்குறைப்பு இழப்பீட்டையும், வெல்ஷ்வழியை விட்டு விலகக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து, மூடும் கலந்தாய்வு தொடங்குமுன் எண்களாக வெளியிட வேண்டும். 2018இன் பள்ளி அமைப்பு நெறித்தொகுப்பு கிராமப் பள்ளியை மூடுவதற்கு எதிரான முன்னனுமானத்தை வைத்திருந்தாலும், எந்தப் பள்ளியும் மூடப்படாது என்று அது சொல்லவில்லை. இந்தக் கணக்கில் தோற்கும் பள்ளிகளும் இருக்கும். பத்து மைலுக்குள் இன்னொரு வெல்ஷ்வழிப் பள்ளி இருந்து, அங்கே இடமும் இருந்து, பேருந்தும் அரைமணி நேரத்தில் போய்ச் சேருமானால், மூடுவதை எதிர்க்க என்னிடம் வாதமில்லை.