நியமனம் முதல் பணிமூப்பு வரை: தமிழக அரசுப் பணிகளில் இனச்சுழற்சியின் வளர்ச்சி

முன்னுரை

இடஒதுக்கீட்டின் வரலாற்றை விழுக்காடுகளின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அந்த விழுக்காட்டை அலுவலகக் கோப்பில் செயல்படுத்தும் கருவி இனச்சுழற்சி. எந்தக் காலியிடம் எந்தப் பிரிவுக்குரியது என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல், வரிசை எண்ணே முடிவு செய்யும் ஏற்பாடு அது. சென்னை மாகாணத்தில் இக்கருவி எவ்வாறு உருவானது, எந்த இடத்தில் அதன் வலு குன்றியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மாவட்ட முன்சீப் பதவி இதற்கு ஏற்ற சான்றாக அமைகிறது.

கட்டாயமில்லாத ஆணைகள்

அரசுப் பணிகள் சிலருக்குள் முடங்கக் கூடாது என்ற எண்ணம் நீதிக்கட்சிக்கு முற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வருவாய் வாரியம் தன் நிலையாணை 128(2) வழியாக மாவட்ட ஆட்சியர்களுக்கு இதை அறிவுறுத்தியது. செல்வாக்குள்ள சில குடும்பங்களே வேலைகளை வளைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். முக்கியப் பணிகளைப் பல சாதியாருக்கும் பகிர வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை இடம், எந்த வரிசையில், மீறினால் என்ன என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

விளைவை 1912ஆம் ஆண்டுக் கணக்கு காட்டுகிறது. அப்போதிருந்த 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர். பிராமணரல்லாத இந்துக்கள் 25 பேர் மட்டுமே. மாகாண மக்கள்தொகையில் பிராமணர் பங்கு மூன்று விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது. அரசு உயர் அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ 1913இல் அரசுப்பணி ஆணையத்தின் முன் இத்தகைய புள்ளிவிவரங்களை வைத்தார். 1916இல் பிட்டி. தியாகராயர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை அவற்றை அரசியல் கோரிக்கையாக்கியது.

ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சி, 1921 செப்டம்பர் 16 நாளிட்ட 613ஆம் எண் அரசாணையால் பழைய நிலையாணையை எல்லாத் துறைகளுக்கும் எல்லா நிலைப் பணிகளுக்கும் விரித்தது. நியமனம் பெற்றவர்களை வகுப்புவாரியாகப் பிரித்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பவும் பணித்தது. கணக்கு வந்தது, ஆனால் அடுத்த இடத்தை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் பிறக்கவில்லை.

பன்னிரண்டு இடங்களின் சுற்று

அந்தக் கட்டாயம் 1927இல் வடிவம் பெற்று, 1928இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. கம்யூனல் ஜி.ஓ. (வகுப்புவாரி ஆணை) என்று பெயர்பெற்ற இந்த ஏற்பாட்டில், நிரப்பப்படும் ஒவ்வொரு 12 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முகமதியர், ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர் ஆகிய ஒவ்வொரு பிரிவுக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பகிரப்பட்டது. 1929இல் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னையில் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. ஆளெடுப்பு இனி விதிக்கும் பதிவேட்டுக்கும் கட்டுப்பட்டதாயிற்று.

இதன் குறையும் அந்தப் பங்கீட்டிலேயே தெரிகிறது. ‘பிராமணரல்லாத இந்துக்கள்’ என்ற ஒரே தலைப்பில் நிலவுடைமைச் சாதியாரும் கைவினைச் சாதியாரும் சேர்க்கப்பட்டதால், படிப்பில் முந்தியவர்களே அந்த ஐந்து இடங்களுக்கும் முந்தினர். 1947இல் சுற்று 14 இடங்களாகத் திருத்தப்பட்டபோது, பின்தங்கிய இந்துக்களுக்குத் தனியே 2 இடங்கள் ஒதுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோர் பங்கும் 2 ஆனது. பிற்காலத்தில் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 1989இல் 20 விழுக்காடும், அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் வந்ததற்கு இதே தர்க்கமே அடிப்படை.

1951: அதிகம் பேசப்படாத தீர்ப்பு

1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றம் சென்னை வகுப்புவாரி ஆணை பற்றி இரண்டு தீர்ப்புகள் வழங்கியது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கை எல்லோரும் அறிவர். மற்றொன்றான வெங்கடரமணா வழக்கு 83 மாவட்ட முன்சீப் இடங்களைப் பற்றியது. அவற்றில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, தாழ்த்தப்பட்டோருக்கு 19, பிராமணருக்கு 11, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, கிறித்தவருக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என அரசு பகிர்ந்திருந்தது. எல்லா வகுப்பாருக்கும் இடம் பிரிப்பது செல்லாது என்ற நீதிமன்றம், தாழ்த்தப்பட்டோருக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் ஒதுக்கியதை அரசமைப்பின் 16(4) பிரிவின்கீழ் ஏற்றது.

பெரியார் உள்ளிட்டோரின் கிளர்ச்சியை அடுத்து வந்த முதல் அரசமைப்புத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்துக் கல்விக்கு வழி செய்தது. வேலைவாய்ப்பு இடஒதுக்கீட்டுக்கு அத்திருத்தம் தேவைப்படவில்லை. வகுப்புவாரிப் பங்கீடு பின்தங்கியோருக்கான ஒதுக்கீடாக மாறிய திருப்புமுனை வெங்கடரமணா தீர்ப்பே.

பதவி உயர்வு என்னும் அடுத்த தடை

வேலையில் சேர்ந்தவர் மேலே ஏற முடியுமா என்ற கேள்வியும் சென்னையிலிருந்தே உச்சநீதிமன்றம் சென்றது. தென்னக ரயில்வே தொடர்பான ரங்காச்சாரி வழக்கில் 1961இல், பதவி உயர்விலும் ஒதுக்கீடு செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். 1992இல் இந்திரா சகானி வழக்கு இதை மறுத்தது. 1995இன் 77ஆவது திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வுரிமையை மீட்டது. 2001இன் 85ஆவது திருத்தம் அதனால் வரும் பணிமூப்பையும் காத்தது. ஆனால் 2006இன் நாகராஜ் தீர்ப்பு, உயர்பதவிகளில் போதிய பங்கு இல்லை என்பதை அரசு தரவுகளால் காட்ட வேண்டும் என்றது.

தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் நுழைவுநிலை நியமனத்துக்கு வலுவான அரண். பணிமூப்பில் அந்த அரண் இல்லை. சுழற்சி வரிசையையே பணிமூப்பு வரிசையாக்க முயன்ற 2016ஆம் ஆண்டுப் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் செல்லாததாக்கியது. தேர்வில் பெற்ற தரவரிசையே பணிமூப்பைத் தீர்மானிக்கும் என்றானது.

முடிவுரை

நல்லெண்ண ஆணைகளால் ஆகாததைச் சுழற்சிப் பதிவேடு சாதித்தது என்பதே இவ்வரலாறு தரும் முதல் முடிவு. அப்பதிவேடு நியமனத்தோடு நின்றுவிடுவதால், அடிநிலையில் வந்த பன்மை உயர்நிலையிலும் தானாக அமைந்துவிடும் என்று கருத முடியாது என்பது இரண்டாவது. ஒப்பந்தத்திலும் வெளிமுகமை வழியாகவும் ஆளெடுப்பது பெருகும்போது நியமனத்திலேயே சுழற்சியின் எல்லை சுருங்கும். ஆகவே துறைவாரியாக, பதவிநிலைவாரியாகப் பிரதிநிதித்துவக் கணக்கை அரசு முறையாகத் தொகுத்துப் பொதுவில் வெளியிட வேண்டும். அந்தத் தரவு இல்லாமல் பதவி உயர்வில் சமூகநீதி நீதிமன்றத்திலும் நிலைக்காது, நிர்வாகத்திலும் நிலைக்காது.