பாட்டி ஆவதற்கு முன் கே.பி. சுந்தராம்பாள்

இந்த எபிசோடை செஞ்சிக் கோட்டையில, கல்யாண மஹால் பக்கத்துல நின்னு ரெக்கார்ட் பண்ணினேன். காத்து மொத்த ஆடியோவையும் சாப்பிட்டுடுச்சு. ரூமுக்கு வந்து திரும்பப் பேசினதைத்தான் இப்போ படிக்கிறீங்க.

அங்கே ஒரு சின்ன டெஸ்ட் பண்ணினோம். நண்பனை நெற்களஞ்சியம் பக்கம் நிக்க வெச்சுட்டு, தள்ளி நின்னு மைக் இல்லாம நாலு வரி பாடினேன். "ஏதோ கத்துறேன்னு தெரிஞ்சுது மச்சி, என்னன்னு புரியல"ன்னான். செஞ்சிக்காரனுக்கு இது கொஞ்சம் அவமானம்தான். எங்க ஊரைச் சுத்தி விடிய விடிய தெருக்கூத்து நடக்கும். மைக் வர்றதுக்கு முன்னாடி கூத்துக்காரங்களுக்குத் தொண்டைதான் ஸ்பீக்கர்.

கே.பி. சுந்தராம்பாள் அப்படி ஒரு தொண்டையோடு மேடையேறியவர். நமக்கு அவரைத் தெரிந்தது 'ஔவையார்', 'திருவிளையாடல்' வழியாக. திருநீறு, கைத்தடி, கணீர்னு ஒரு குரல். அவர் பிறந்ததே பாட்டியாகத்தான்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். 1953-இல் 'ஔவையார்' வந்தபோது அவருக்கு 45 வயசுகூட ஆகலை! பிறந்தது 1908, காவிரிக்கரை கொடுமுடியில். ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமியை எஃப்.ஜி. நடேச ஐயர் கவனித்து நாடகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது எல்லாரும் சொல்லும் கதை.

அந்தக் காலத்து 'ஸ்பெஷல் நாடகம்' எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு புரியும். நடிகர்களைத் தனித்தனியாக புக் பண்ணுவாங்க. சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டு மனப்பாடம். மேடையில்தான் சந்திப்பே. ஒருத்தர் பாட்டில் கேள்வி போட, மற்றவர் பாட்டிலேயே பதில் சொல்லணும். கிட்டத்தட்ட ராப் பேட்டில், ஆனா ராத்திரி முழுக்க.

1920-களின் நடுவில் இலங்கையில் இப்படித்தான் சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் மேடையில் சேர்ந்தார்கள். 'வள்ளி திருமணம்'. அவர் வள்ளி, இவர் வேலன். கிட்டப்பா அப்போதே உச்சஸ்தாயிக்குப் பேர் போன ஸ்டார். அவர் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம். அந்தப் பொண்ணு கிட்டப்பாவுக்குச் சளைக்கவில்லை. 1927-இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர், அதனால் அது சுலபமான வாழ்க்கையாக இல்லை.

சரி, ரெக்கார்டுக்கு வருவோம். நாடக நட்சத்திரங்களின் பாட்டை கிராமபோன் கம்பெனிகள் தட்டுகளாக்கி விற்றன. சுந்தராம்பாளின் தட்டுகள் கொலம்பியா லேபிளில் வந்தன. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூணு நிமிஷம்தான். ராத்திரி முழுக்கப் பாடுற ஆளை ஒரு ரீல்ஸ் நீளத்துக்குள் அடைக்கிற வேலை. 'ஒன்ஸ் மோர்' கிடையாது, எதிர்ப்பாட்டு கிடையாது. மேடையில் நடந்ததற்கு இது ரொம்ப மோசமான சாட்சி. ஆனா வேறு சாட்சியே இல்லை.

ஏன்னா, கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் தேதி இறந்துட்டார். வயசு 27. தமிழ்ப் பேசும் படம் வந்தே ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு படத்தில்கூட அவர் இல்லை. இன்று அவர் என்று மிஞ்சியிருப்பது அந்தத் தட்டுகள்தான். சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆணுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய் என்கிறார்கள். அதில் அவர் நடித்தது நந்தனாராக, அதாவது ஆண் வேடத்தில். எடுத்த முடிவை மீறாமலேயே சினிமாவுக்கு வந்துட்டார்! அப்புறம் காந்தி பற்றிய பாடல்கள், காங்கிரஸ் மேடை, 1951-இல் சட்ட மேலவை, 1970-இல் பத்மஸ்ரீ. அதெல்லாம் தனி எபிசோட்.

நான் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தப் பழைய பதிவுகளைத்தான். 'ஔவையார்' குரலில் ஒரு கனம் இருக்கு, உபதேசம் இருக்கு. பழைய தட்டுகளில் இருப்பது வேறு ஆள்: வேகம், குறும்பு, "முடிஞ்சா பிடி பார்க்கலாம்" என்கிற மாதிரி ஒரு தாவல். எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்குது. சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

ஆனா ஒரு சிக்கல். அந்தத் தட்டுகள் அரக்கு கலந்து செய்தவை. கீழே விழுந்தா உடையும். மேலே ஓடுவது இரும்பு ஊசி. ஒவ்வொரு தடவை போடும்போதும் அது பள்ளத்தைக் கொஞ்சம் சுரண்டும். அதனால ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றணும். எத்தனை பேர் மாற்றியிருப்பாங்க? யாருக்கும் பிடிக்காத பாட்டு புதுசு போல இருக்கும். ஊரே கொண்டாடின பாட்டில்தான் இரைச்சல் அதிகம். நம்ம ஃபைல் ஆயிரம் தடவை ப்ளே ஆனாலும் தேயாது. இது ஆசையாகக் கேட்கக் கேட்கத் தேய்ஞ்ச குரல்.

செஞ்சியில் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி நிறைய தட்டு இருந்துச்சாம். வீடு வெள்ளையடிக்கும்போது பழைய இரும்புக்காரருக்குப் போயிடுச்சு. "யாருடா அதைக் கேட்பாங்கன்னு நினைச்சேன்"னு பெரியம்மா சொன்னாங்க. மிஞ்சினது ஒரு பாதித் தட்டு. லேபிளில் பாட்டுப் பேர் இருக்கவேண்டிய பக்கம் உடைஞ்சு போயிருக்கு.

உங்க வீட்டுப் பரணில் இருந்தா, இப்போதைய சாதா பிளேயரில் போட்டுப் பார்க்காதீங்க, அந்த ஊசி இதுக்கானது இல்லை. லேபிளை போட்டோ எடுத்து அனுப்புங்க. தட்டைப் படுக்கவைக்காம, புத்தகம் மாதிரி நிறுத்தி வைங்க.