பெட்ரோலுக்குள்ளே ஏன் ஆயில்? - ஒரு டூ-ஸ்ட்ரோக் புராணம்

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ நான் ஊரில் இல்லை. நாலு நாள் கழிச்சுதான் பேராவூரணி போய்ச் சேர முடிஞ்சது. சித்தப்பா தோப்பில் நிக்கிற மரத்தை விட படுத்த மரம்தான் அதிகம். விழுந்த தென்னையை அறுத்து ஓரம் கட்டினால்தான் அடுத்த வேலை. ஊரே செயின்ஸா தேடி அலைஞ்சுக்கிட்டிருந்தது. சித்தப்பா கடன் வாங்கி புதுசா ஒண்ணு வாங்கியே வாங்கிட்டார்.

மூணாம் நாள் மதியம் அது 'கீச்'னு ஒரு சத்தம் போட்டு நின்னுது. கயிறை இழுத்தால் அசையவே இல்லை. மெக்கானிக் சைலன்சரைக் கழட்டி டார்ச் அடிச்சுக் காட்டினார். பிஸ்டன் முழுக்க நெட்டுக்குத்தா கீறல்.

"என்ன ஆயில் ஊத்துனீங்க?"

"மல்லிப்பட்டினத்துல மச்சான் குடுத்தாரு. போட்டு எஞ்சினுக்கு ஊத்துறது. டூ-டி ஆயில் எல்லாம் ஒண்ணுதானே?"

"எவ்வளவு?"

"அஞ்சு லிட்டர் கேனுக்கு ரெண்டு மூடி."

அந்த ரெண்டு மூடிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். பொறியியல் படிச்ச பிள்ளைன்னு என்கிட்ட காரணம் கேட்டாங்க. நான் திருதிருன்னு முழிச்சேன் :-) அப்புறம் உட்கார்ந்து படிச்சதில், பதில் 1890-களில் போய் நின்னது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை முதலில் கட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான டுகால்ட் கிளர்க். 1881-ல் காப்புரிமை வாங்கினார். அவர் எஞ்சினில் காற்றையும் எரிபொருளையும் உள்ளே தள்ள தனியா ஒரு பம்ப் சிலிண்டர் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் இன்னிக்கு நாம பெட்ரோலில் ஆயில் கலக்கிற வேலையே இருந்திருக்காது. ஆனா 1891-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சார். தனி பம்ப் எதுக்கு? பிஸ்டன் கீழே வரும்போது அதோட அடிப்பக்கமே பம்ப் மாதிரி வேலை செய்யட்டுமே! கிராங்க்கேஸை மூடி, கலவையை முதலில் அங்கே இழுத்து, அமுக்கி, மேலே அனுப்பினார். அவரிடம் வேலை பார்த்த ஃபிரடெரிக் காக் அடுத்த வருஷமே இன்னொரு துவாரம் சேர்த்து, மிச்சமிருந்த வால்வையும் தேவையில்லாமல் செய்துட்டார்.

எவ்வளவு எளிமை பாருங்க. ஓடுற பாகம்னு பார்த்தால் பிஸ்டன், ராடு, கிராங்க். அவ்வளவுதான். ஆனா இதுக்கு ஒரு விலை உண்டு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் தேங்கி நிற்கிற இடம் கிராங்க்கேஸ். இங்கே அந்த இடத்தைக் கலவை பிடிச்சுக்கிட்டது. ஆயிலுக்கு வீடு இல்லை. அதனால பெட்ரோலோட கூடவே வரணும், போற வழியில் பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் நனைக்கணும், கடைசியில் தானும் எரிஞ்சு புகையாப் போகணும். ஒரு எண்ணெயிடம் இதைவிட முரண்பட்ட வேலையைக் கேட்க முடியாது. உள்ளே இருக்கும்போது எரியக்கூடாது, மேலே போனதும் மிச்சமில்லாமல் எரியணும்.

இந்த எஞ்சினை மரம் அறுக்கக் கொண்டு வந்தது ஜெர்மனிக்காரங்க. எமில் லெர்ப் 1927-ல் துரிங்கியாவில் உள்ள டோல்மார் மலையில் தன்னோட பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்தார் (டோல்மார் கம்பெனிக்குப் பேர் வந்த கதை இதுதான்). 1926-ல் மின்சார ரம்பத்தில் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929-ல் பெட்ரோலுக்கு வந்தார். எடை 46 கிலோ! ரெண்டு பேர் பிடிக்கணும். 1950-ல் ஒரே ஆள் தூக்குற ஸ்டீல் மெஷின் 16 கிலோவில் வந்தது. 1959-ல் வந்த காண்ட்ரா சுமார் 12 கிலோதான், கியர்பாக்ஸும் கிடையாது. எஞ்சின் வேகத்திலேயே செயின் சுத்தும். தலைகீழாப் பிடிச்சாலும் ஓடும், ஏன்னா கீழே தேங்கி நிற்க ஆயில் தொட்டியே இல்லையே. டே-யோட குறுக்கு வழி இங்கே வரமாப் போச்சு.

ஆயில் கதை இதே வேகத்தில் ஓடலை. ஆரம்ப காலத்தில் ஊத்தினது சாதாரண எஞ்சின் ஆயில்தான். 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு, 20-க்கு ஒண்ணு, 25-க்கு ஒண்ணு. புகைன்னா புகை, அப்படி ஒரு புகை. கார் ஆயிலில் கால்சியம், துத்தநாகம் மாதிரி உலோகச் சேர்மானங்கள் சேர்க்க ஆரம்பிச்சதும் இன்னொரு தலைவலி. அது காருக்கு அமிர்தம், இங்கே விஷம். எரிஞ்சதும் சாம்பலாகி பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் உட்கார்ந்து, தணல் மாதிரி கனன்று, பிளக் பொறி அடிக்கும் முன்னாடியே கலவையைப் பற்ற வைக்கும். பிஸ்டனில் ஓட்டையே விழும்.

(நம்ம ஆமணக்கெண்ணெய்க்கும் இதில் ஒரு அத்தியாயம் உண்டு. எவ்வளவு சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. முதல் உலகப்போர் விமானங்களில் ஓடியது அதுதான். கார்ட் பந்தயத்திலும் குட்டி விமான எஞ்சின்களிலும் இன்னிக்கும் ஊத்துறாங்க. ஆனா பிசின் மாதிரி படியும். தினசரி வேலைக்கு ஒத்து வராது.)

இங்கேதான் பாதை ரெண்டாப் பிரியுது. சித்தப்பா மாட்டினதும் இங்கேதான். அமெரிக்காவில் படகு எஞ்சின்காரங்க தங்களுக்குன்னு தனி ஆயில் தரம் வகுத்தாங்க. முதலில் டிசி-டபிள்யூ, 1990-களின் தொடக்கத்தில் டிசி-டபிள்யூ3. அந்த 'டபிள்யூ' தண்ணீருக்கு. ஏரித் தண்ணீரால் குளிரும் எஞ்சின், சூடு கட்டுக்குள் இருக்கும். அதனால சாம்பலே இல்லாத சேர்மானம் போதும். செயின்ஸா அப்படியா? காத்துதான் குளிர்விக்கணும், சும்மா முறுக்கினால் நிமிஷத்துக்கு 12,000 சுத்துக்கு மேலே போகும். அந்தச் சூட்டில் படகு ஆயிலின் துப்புரவு வேலை தாக்குப்பிடிக்காது. ரிங் காடியில் கரி இறுகி, ரிங் ஒட்டிக்கும். காத்தில் குளிரும் எஞ்சினுக்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 'டிசி' தரம் இருந்தது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், டப்பாவைப் பார்த்தால் யாருக்குத் தெரியும்?

அடுத்த பாய்ச்சல் ஜப்பானில். தெருவெல்லாம் ஸ்கூட்டர் புகை. 1994-ல் ஜாஸோ எம்345 தரம் வந்தது: எஃப்ஏ, எஃப்பி, எஃப்சி. 2004 வாக்கில் எஃப்ஏ போய் எஃப்டி சேர்ந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், இதைச் சோதிச்ச விதம். வழவழப்பையும் சுத்தத்தையும் பார்க்க ஒரு ஹோண்டா டியோ எஞ்சின், புகையைப் பார்க்க ஒரு சுஸுகி ஜெனரேட்டர். ஒரு மாதிரி ஆயிலுக்கு 100 மார்க்னு வச்சுக்கிட்டு மத்ததை ஒப்பிடுவாங்க. வழவழப்பில் பி, சி, டி மூணுக்கும் பாஸ் மார்க் ஒண்ணுதான், 95. புகையில் பி-க்கு 45 போதும், சி-க்கு 85 வேணும். சுத்தத்தில் சி-க்கு 95, டி-க்கு 125. ஆக விலை கூடின ஆயில் கூடுதலா வழுக்காது, கூடுதலாச் சுத்தமா வச்சிருக்கும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

நம்ம நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. டெல்லி புகை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் போட்ட உத்தரவில், சில்லறையா 2டி ஆயில் விற்கக் கூடாது, பங்கில் கலந்துதான் தரணும்னு ஒரு அம்சம் இருந்தது. ஆயில் கூட ஊத்தினால் எஞ்சினுக்கு நல்லதுன்னு நினைச்சு ஆட்டோக்காரங்க அள்ளி ஊத்தினதும் அந்தப் புகைக்கு ஒரு காரணம். சித்தப்பா செஞ்சது நேர் எதிர்த் தப்பு.

கணக்கைப் பார்ப்போமா? 50-க்கு ஒண்ணுன்னா அஞ்சு லிட்டருக்கு 100 மில்லி. ரெண்டு மூடி 25 மில்லி தேறினால் அதிகம். அதாவது 200-க்கு ஒண்ணு! போட்டு ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னிருக்கும், மூடிக் கணக்கு மூணே நாளில் கொன்னுடுச்சு.

புது சிலிண்டரும் பிஸ்டனும் வந்து சேர எட்டு நாள் ஆச்சு. அதுவரைக்கும் கோடாலிதான். இப்போ சித்தப்பா மோட்டார் ரூமில் எஃப்டி போட்ட டப்பாவும், பக்கத்தில் பேரனுக்கு மருந்து கொடுத்த அளவுக் குப்பியும் இருக்கு. எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் கலந்ததை ஒரு மாசத்துக்கு மேல வைக்கிறதில்லை.

டிஸ்கி: மல்லிப்பட்டினம் மாமா இதைப் படிச்சால் கோவிச்சுக்க வேண்டாம். உங்க ஆயில் உங்க போட்டுக்கு நல்ல ஆயில்தான் :-)